தொண்டையில் இருப்பதைத் தாளில் இறக்குங்கள்

திருவனந்தபுரத்தில் சேர்ந்து பாடுகிற எல்லோருக்கும்,

இசையமைப்பாளர் எம்.பி.எஸ். பெயரைத் தாங்கிய யூத் கொயரில் பாடுகிறவர்கள், தேவராஜன் மாஸ்டரின் சக்திகாதாப் பாட்டுகளோடு வளர்ந்தவர்கள், பாளையத்திலும் நந்தன்கோட்டிலும் ஞாயிறு காலையில் கொயர் பெஞ்சில் உட்காருகிறவர்கள், ஆண்டுவிழாவுக்காக ஒரு மாதம் கூடிப் பாடிவிட்டுக் கலைகிற கல்லூரிப் பிள்ளைகள், நீங்கள் எல்லோரும் படிக்க வேண்டும் என்று இதை எழுதுகிறேன். நாகர்கோவில் பக்கம் பிறந்து இருபத்தாறு ஆண்டுகளாக இந்த ஊரில் வாழ்கிறவள் நான். சின்ன வயதில் எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோயில் கொயரில் ஆல்டோ பாடக் கற்றேன். இன்றைக்கும் ஆல்டோதான். இப்போது பாடுகிற குழு மிகச் சிறியது. முப்பது பேர்கூட இல்லை.

போன டிசம்பரில் நாங்கள் ஒரு ஸ்வீடன் நாட்டுப்புறப் பாட்டைப் பாடினோம். ‘ஊத்தி வோர் ஹாகெ’ என்பது அதன் பெயர். ‘எங்கள் மேய்ச்சல் வெளியில்’ என்று பொருள் சொல்லலாம். கோட்லாந்து என்ற தீவில் மக்கள் வாய்வழி பாடிவந்த காதல் பாட்டு. பூக்களையும் வாசனைத் தழைகளையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிற பாட்டு அது. அல்லி, ரோஜா, புதினா என்று வரிசையாக அழைத்துக்கொண்டே போய், கடைசியில் அழைப்பது பூவையா ஆளையா என்று தெரியாமல் நிற்கும். நம் ஊர் நடவுப் பாட்டிலும் கும்மியிலும் இதே பழக்கம் உண்டு. செடியைச் சொல்லி மனசைச் சொல்லுவோம்.

எங்களில் ஒருவருக்கும் ஸ்வீடன் மொழி தெரியாது. சிலர் மலையாளத்திலும் நான் தமிழிலுமாக உச்சரிப்பைத் தாளில் பென்சிலால் எழுதிக்கொண்டோம். மூன்று வாரம் பயிற்சி. நான்காவது வாரம் நான்கு குரலும் ஒன்றாக அமர்ந்தபோது, பயிற்சி நடந்த வீட்டின் சமையலறையில் வேலை செய்துகொண்டிருந்த அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்று கேட்டார். அந்தப் பாட்டு அப்படிப்பட்டது.

நிகழ்ச்சி முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு முதியவர் என்னிடம் வந்தார். நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுக் கேட்டார்: “நம்முடெ ஒரு பாட்டு இதுபோலெ பாடாமோ மோளே?”

எங்களிடம் அப்படிப்பட்ட பாட்டுக்குச் சுரம் எழுதிய தாள் இல்லை. எம்.பி.எஸ். அமைத்த ஒரு பாட்டின் இரண்டாம் குரல் எங்கள் குழுவில் ஒரு சேச்சிக்கு நினைவு இருந்தது. நாற்பது வருடத்துக்கு முந்திப் பள்ளிக்கூடத்தில் படித்தது. முதல் குரல் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது குரல் யாருக்கும் தெரியாது. அந்தக் குரலைப் பாடிய தோழி இறந்துவிட்டாள் என்று சேச்சி சொன்னார். கடைசியில் எல்லோரும் ஒரே குரலில் பாடினோம். முதியவர் கைதட்டினார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒரு தீவின் பாட்டை நான்கு குரலில் பாட முடிகிறது. நம் ஊர்ப் பாட்டை முடியவில்லை. நடுவில் நிற்பது ஒரே ஒரு தாள். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

அந்த ஸ்வீடன் தாளின் கதையை முதலில் சொல்கிறேன். நாங்கள் பாடிய அமைப்பு ஹூகோ ஆல்ஃப்வேன் 1923-இல் செய்தது. 1872-இல் பிறந்து 1960-இல் மறைந்தவர். சிம்பொனிகள் எழுதியவர், ஓவியமும் தீட்டுவார். ஆனால் வாழ்நாளின் பெரும்பகுதியை மற்றவர்களைப் பாட வைப்பதில் செலவிட்டார். உப்சாலா நகரில் 1853-இல் தொடங்கிய ஆர்ஃபெய் திரெங்கார் என்ற ஆண்கள் குழுவை 1910 முதல் 1947 வரை, முப்பத்தேழு ஆண்டு, நடத்தியவர் அவர். வாரம் தவறாமல் ஆட்கள் முன்னால் நின்றவர் என்பதால், எந்தக் குரலுக்கு எது வரும், எது வராது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய தாளில் அது தெரிகிறது. பக்கவாத்தியம் எதுவும் கிடையாது. மெட்டு மேல்குரலில் அப்படியே இருக்கிறது. அதில் அவர் கைவைக்கவில்லை. மற்ற மூன்று குரலும் பெரும்பாலும் அதே சொல்லை அதே நேரத்தில் சொல்லிக்கொண்டு அதன் கூடவே நடக்கின்றன. திறமை காட்டுகிற இடமே இல்லை. ஆல்டோவுக்குக் கிடைப்பது சில சுரங்கள்தான். ஆனால் அந்தச் சில சுரங்களில் ஒன்று அரைச் சுரம் இறங்குகிறபோது பாட்டின் வெளிச்சமே மாறிவிடும். பாடிப் பார்த்தால்தான் அது தெரியும்.

ஆல்ஃப்வேனுக்கு முன்னாலேயே அந்த நாட்டில் சேகரிப்பு நடந்திருந்தது. கெயெர், அஃப்செலியஸ் என்ற இருவர் 1814 முதல் நாட்டுப்புறப் பாட்டுகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். மெட்டையும் சேர்த்து அச்சிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். அதற்குப் பின் நீல்ஸ் ஆண்டர்சன் என்ற வழக்கறிஞர் ஊர் ஊராகப் போய்ப் பிடில்காரர்களிடம் உட்கார்ந்து அவர்கள் வாசித்ததை எழுதினார். அந்தச் சேகரிப்பு 1922 முதல் 1940 வரை இருபத்துநான்கு தொகுதிகளாக வந்தது. சுமார் 8000 மெட்டுகள். ஆல்ஃப்வேன் 1923-இல் கோட்லாந்துப் பாட்டை அமைத்தது இந்த வேலைகளுக்கு நடுவில்தான். மாடு மேய்க்கும் பெண்கள் காட்டில் மாட்டைத் திரும்பக் கூப்பிடுகிற உச்சக்குரல் அழைப்பைக்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை. அதையும் மேடையில் பாடுகிறார்கள். ஒரு கோடிப் பேர் வாழும் நாட்டில் பல லட்சம் பேர் ஏதோ ஒரு கொயரில் இருக்கிறார்கள். ஏப்ரல் 30 மாலை, குளிர் போனதைக் கொண்டாட உப்சாலாவிலும் லுண்டிலும் மாணவர்கள் கூடி நின்று பாடுவார்கள். அங்கே பாட்டு தாளில் இருக்கிறது, தாள் எல்லோர் கையிலும் இருக்கிறது. அதனால்தான் அது கடல் கடந்து என் கைக்கும் வந்தது.

நாம் எழுதத் தெரியாதவர்களா? இந்தக் கேள்வியை என்னிடம் நானே பல நாள் கேட்டுப் பார்த்தேன். இல்லவே இல்லை. சென்னையில் ஏ.எம். சின்னசாமி முதலியார் 1893-இல் நம் கீர்த்தனைகளை மேற்கத்திய சுரக்குறியில் அச்சிடத் தொடங்கினார். எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 1904-இல் சங்கீத சம்பிரதாய பிரதர்சினியை வெளியிட்டார். ஒவ்வொரு கமகத்துக்கும் ஒரு குறி போட்டு, சுரத்தின் அசைவைக்கூட எழுத்தில் பிடித்த புத்தகம் அது. ஆல்ஃப்வேனின் தாளுக்குப் பத்தொன்பது ஆண்டு மூத்தது.

இந்த நகரத்திலேயே இன்னொரு சான்று இருக்கிறது. 1939-இல் இங்கே இசைக் கல்லூரி தொடங்கியபோது முதல்வராக வந்தவர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அடுத்து வந்தவர் செம்மங்குடி சீனிவாச ஐயர். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் உருப்படிகளைத் தேடி எடுத்துச் சுரப்படுத்தி அச்சில் ஏற்றும் வேலையில் இருவருக்கும் பெரும் பங்கு உண்டு. பத்மநாப சுவாமி கோயிலில் பாடிவந்த முல்லமூடு பாகவதர்களின் தொண்டையில் பல உருப்படிகள் உயிரோடு இருந்தன. அங்கிருந்து தாளுக்கு வந்தன. இன்று உலகில் எந்தச் சபாவிலும் ஒருவர் சுவாதித் திருநாளைப் பாடுகிறார் என்றால் அந்தத் தாள்கள்தான் காரணம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஒருவரும் தஞ்சைச் சீமையிலிருந்து ஒருவரும் வந்து இந்த ஊரில் செய்த வேலை அது. அரண்மனைப் பாட்டுக்கு அது கிடைத்தது. வயல் பாட்டுக்கும் வில்லுப்பாட்டுக்கும் சேர்ந்திசைக்கும் கிடைக்கவில்லை.

இப்போது எம்.பி.எஸ். உங்களில் பலர் அவரைப் பார்த்திருப்பீர்கள்; சிலர் அவர் கையசைவுக்குப் பாடியிருப்பீர்கள். இளையவர்களுக்காகச் சொல்கிறேன். மானாமதுரை பாலகிருஷ்ணன் சீனிவாசன் 1925 செப்டம்பர் 19 அன்று சித்தூரில் பிறந்தார். மாணவர் இயக்கம், கம்யூனிஸ்ட் கட்சி என்று இளமை போனது. டெல்லியில் ஏ.கே. கோபாலனுக்கு உதவியாளராக இருந்தார். அமிர்தசரசின் சைஃபுதீன் கிச்சலுவின் மகள் சாகிதாவை மணந்தார். 1919 ஏப்ரலில் ஜாலியன்வாலா பாக்கில் மக்கள் கூடியது, கிச்சலுவும் சத்தியபாலும் கைதானதைக் கண்டித்துத்தான். 1960-இல் வந்த ‘பாதை தெரியுது பார்’ படத்துக்கு இசை எம்.பி.எஸ். மலையாளத்தில் ‘கால்பாடுகள்’ படத்துக்காக 1961 நவம்பர் 14 அன்று யேசுதாஸ் முதன்முதலாகத் திரைக்குப் பாடியது இவர் இசையில்தான். பாடியது நாராயண குருவின் வரிகள். இதே மாவட்டத்துச் செம்பழந்தியில் பிறந்து தமிழிலும் பதிகம் எழுதிய குரு அவர். அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘சுயம்வரம்’ முதல் ‘அனந்தரம்’ வரைக்கும் பின்னணியில் கேட்பதும், பல இடங்களில் கேட்காமல் இருப்பதும், எம்.பி.எஸ்.ஸின் இசைதான். திரைப்பட இசைக்கருவிக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டியவரும் அவரே.

இத்தனையும் செய்த மனிதர் தன் மனசை வைத்தது வேறிடத்தில். 1970-களின் தொடக்கத்தில் சென்னையில் யூத் கொயரைத் தொடங்கினார். பாடகர் என்று பெயர் எடுக்காதவர்களைச் சேர்த்தார். பாரதியையும், பல இந்திய மொழிகளின் நாட்டுப்புறப் பாட்டையும், குரல் பிரித்துப் பாடவைத்தார். கேரளத்துக்கு வந்து பள்ளிப் பிள்ளைகளைப் பெருங்கூட்டமாக நிறுத்திப் பாடவைத்தார். ஓ.என்.வி. குறுப்பின் வரிகள் அந்தக் கூட்டத்தின் வாயில் எப்படி ஒலித்தன என்பதை எங்கள் சேச்சி இன்றும் கண்ணைமூடிக்கொண்டு சொல்கிறார். 1988 மார்ச் 9 அன்று அவர் இறந்தது லட்சத்தீவில். அங்கேயும் சேர்ந்திசை சொல்லிக்கொடுக்கத்தான் போயிருந்தார்.

அவர் போன பிறகு முப்பத்தைந்து ஆண்டுக்கு மேலாகிவிட்டது. அந்தப் பாட்டுகளை நீங்கள் பாடிக்கொண்டே இருக்கிறீர்கள். அதற்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் வெளியில் இருக்கும் என்னைப் போன்ற ஒருத்தி, ஊர்க் கொயருக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு பாட்டின் நான்கு குரலும் வேண்டும் என்று தேடினால் கடையில் கிடைப்பதில்லை. நான் தேடியிருக்கிறேன், இந்த ஊரிலும் சென்னையிலும். ஆல்ஃப்வேன் ஒரு நாளில் கிடைத்துவிட்டார். எம்.பி.எஸ்.ஸுக்கு ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் மூலம் இன்னொருவரைப் பிடித்து, அவர் வீட்டில் உட்கார்ந்து, அவர் பாடுவதைக் கைபேசியில் பதிந்து, ஒரு குரலை வாங்கிவந்தேன். அவர் அன்போடு கொடுத்தார். நாலு மணிநேரம் உட்கார்ந்து பாடினார். அவருக்கு எழுபத்திரண்டு வயது.

உங்கள் பீரோக்களில் கையெழுத்துத் தாள்கள் இருக்கலாம். ஒவ்வொருவரிடமும் ஒரு குரல் இருக்கலாம். சோப்ரானோ ஒருவரிடம், பேஸ் ஒருவரிடம். அவற்றை ஒரே மேசையில் வைக்க ஒரு நாள் கூடுங்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். யாருக்கு உரிமை, அச்சிடுவதற்கு யாருடைய இசைவு வேண்டும் என்பதை எம்.பி.எஸ். குடும்பத்தாரோடும் சென்னைக் குழுவோடும் பேசி முறையாகச் செய்யுங்கள். ஆனால் பேசத் தொடங்குங்கள்.

இரண்டாவது வேண்டுகோள் கொஞ்சம் பெரியது. புதியவற்றையும் அமைக்க வேண்டும். நம் மண்ணின் பாட்டை நான்கு குரலுக்கு எழுதுவது கோட்லாந்துப் பாட்டை எழுதுவதைவிடக் கடினம். கடினம் என்பதால்தான் பலரும் பாதியில் விட்டுவிடுகிறார்கள், அல்லது தேவாலயப் பாமாலை போலச் சட்டத்தில் அடித்துவிடுகிறார்கள். நானும் அந்தத் தவறைச் செய்தவள் என்பதால் அதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும்.

நம் காதில் சட்ஜம் அசையாது. தம்புரா இல்லாத இடத்திலும் மனசுக்குள் அது ஓடிக்கொண்டிருக்கும். ஸ்வீடன் பாட்டில் அடிக்குரல் நகரும். அது நகர நகர மேலே நிற்கும் அதே சுரத்துக்கு வேறு வேறு நிறம் வரும். அவர்கள் இசையின் சுவையே அதுதான். நம் மெட்டின் கீழே அதையே செய்தால் என்ன ஆகும்? மோகனத்தில் ஒரு தாலாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அடிக்குரலைத் தைவதத்தில் கொண்டுபோய் நான்கு எண்ணிக்கை நிறுத்துங்கள். மேற்கத்தியக் காதுக்கு அது கொஞ்சம் சோகம் கலந்த ஒரு ஸ்வரக்கூட்டு, அவ்வளவுதான். நம் காதோ தைவதத்தையே சட்ஜமாக எடுத்துக்கொண்டுவிடும். மோகனம் சுத்த தன்யாசியாக மாறிவிடும். காந்தாரத்தில் நிறுத்தினால் இந்தோளம். கிரகபேதம் என்று வித்வான்கள் வேண்டுமென்றே செய்துகாட்டுவது, இங்கே தெரியாமல் நடந்துவிடும். பிள்ளை தூங்குகிற பாட்டில் நடுவில் யாரோ வீட்டை மாற்றிவைத்த மாதிரி இருக்கும். நான் எழுதிய முதல் தாளை எங்கள் குழுவில் பாடிப் பார்த்தபோது, கர்நாடக சங்கீதம் படித்த ஒரு பெண் பாதியில் நிறுத்திவிட்டாள். “அக்கா, சுதி நழுவுது” என்றாள். யாருக்கும் சுதி நழுவவில்லை. நான் எழுதியதுதான் நழுவியிருந்தது.

இரண்டாவது சிக்கல் கமகம். ஒரு ஆள் அசைத்தால் அழகு. பத்துப் பேர் பத்து விதமாக அசைத்தால் இரைச்சல். அசைக்காமல் நேராகப் பிடித்தால் ராகம் செத்துவிடும்.

இவற்றுக்கு வழி இருக்கிறது. பேஸ் குரலைச் சட்ஜத்திலும் பஞ்சமத்திலும் தம்புராபோல நிறுத்திவையுங்கள். எப்போதாவது மட்டும் நகர்த்துங்கள், உடனே திரும்பக் கொண்டுவாருங்கள். நடுக் குரல்கள் ராகத்தின் சுரங்களுக்குள்ளேயே நடக்கட்டும். கமகம் ஒரு குரலுக்கு மட்டும், அதிலும் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் கொடுங்கள். மற்றவர்கள் நேர்ச்சுரம் பிடிக்கட்டும். ஒரு குரல் பாடியதை இன்னொரு குரல் ஒரு ஆவர்த்தம் தள்ளித் தொடங்கினால் சுரக்கூட்டுப் பற்றிக் கவலைப்படாமலேயே அடர்த்தி வரும். தாளத்தைப் பிரித்துக் கொடுங்கள். நம் மக்களுக்குத் தாளம் பிறவியிலேயே கையில் இருக்கிறது. ஆல்ஃப்வேனிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அவருடைய சுரக்கூட்டுகளை அல்ல. மெட்டில் கைவைக்காத அந்த மரியாதையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கே தொடங்குவது என்று கேட்பீர்கள். எனக்கு இரண்டு பாட்டுகள் மனசில் இருக்கின்றன.

ஒன்று, எல்லோருக்கும் தெரிந்த ‘ஓமனத்திங்கள் கிடாவோ’. இரயிம்மன் தம்பி இந்த ஊரில் வாழ்ந்தவர், 1782 முதல் 1856 வரை. 1813-இல் பிறந்த குழந்தை சுவாதித் திருநாளுக்காகப் பாடியது. ஆசிரியர் பெயர் தெரிந்திருந்தாலும் அது மக்கள் பாட்டாகிவிட்டது; என் தமிழ் அண்டைவீட்டார்கூட அதைப் பாடித்தான் பேரனைத் தூங்கவைக்கிறார். நவரோஜில் பாடுவோரும் உண்டு, அமைந்தது குறிஞ்சியில். குறிஞ்சி கீழ் நிஷாதத்தில் தொடங்கித் தைவதத்தோடு நின்றுவிடும் ராகம். மேல் சட்ஜத்தைத் தொடாது. ஒரு ஸ்தாயிகூட முழுசாக இல்லாத அந்தச் சின்ன இடத்துக்குள் பயிற்சி இல்லாத தொண்டையும் சுகமாக நடமாடும். மத்திம சுருதியில் பாடுகிற வழக்கம் என்பதால், அடிக்குரல் எந்தச் சுரத்தைப் பிடிக்க வேண்டும் என்பதே சுவையான ஒரு கேள்வி. இதை மூன்று பேர் மூன்று விதமாக அமைக்கலாம். அப்படி அமைக்க வேண்டும் என்றுகூடச் சொல்வேன். ஏனென்றால், கோட்லாந்துப் பாட்டுக்கு ஆல்ஃப்வேனின் அமைப்பு மிக அழகாக அமைந்துவிட்டதால் கொயர்களில் பலருக்கு அந்தப் பாட்டு என்றாலே அந்த அமைப்புதான். ஒரே தாள் இருந்தால் அப்படி ஆகிவிடும். நமக்கு ஆரம்பத்திலேயே இரண்டு மூன்று இருக்கட்டும்.

இன்னொன்றுதான் என் உயிர். இரவிக்குட்டிப் பிள்ளை போர். கல்குளத்தை அடுத்த கேரளபுரத்து வீரர் இரவிக்குட்டிப் பிள்ளை, திருமலை நாயக்கரின் படையோடு கணியாகுளத்தில் மோதி விழுந்த கதை. 1635 வாக்கில் நடந்தது என்பார்கள். தெக்கன் பாட்டு என்று மலையாளத்தார் சொல்வார்கள், கதைப்பாடல் என்று நாங்கள் சொல்வோம். அதன் மொழி தமிழா மலையாளமா என்று கேட்டால் இரண்டு பக்கமும் இழுத்துக்கொள்ளும். எங்கள் பாட்டி பேசியது அந்த மொழியைத்தான். 1956 நவம்பர் 1 அன்று கல்குளமும் விளவங்கோடும் அகஸ்தீஸ்வரமும் தோவாளையும் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை இங்கேயே நின்றது. பாட்டை யாரும் வெட்டிப் பிரிக்கவில்லை. எல்லைக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் அம்மன் கொடைவிழாவுக்கு வில் கட்டிப் பாடினார்கள்.

அந்தக் கதையில் போருக்குப் புறப்படும் முன் ஒரு இடம் வரும். தாய் கெட்ட கனவு கண்டிருக்கிறாள். மனைவியும் கண்டிருக்கிறாள். போகாதே என்று இருவரும் தடுக்கிறார்கள். அவன் போகத்தான் போகிறான் என்று கேட்பவருக்குத் தெரியும். கொயர்க்காரர்களே, அந்த இடத்தை நினைத்துப் பாருங்கள். ஆல்டோவில் தாய். சோப்ரானோவில் மனைவி. டெனரில் அவன். பேஸில் படை நடந்துகொண்டே இருக்கிறது, நிற்காமல். வில்லுப்பாட்டில் இதற்கான விதை ஏற்கனவே இருக்கிறது. நடுவில் புலவர், வலத்திலும் இடத்திலும் பின்பாட்டுக்காரர்கள். வில்லின் மணியும் குடமும் உடுக்கும் ஜாலராவும். புலவர் ஒரு வரியை விட்டால் பின்பாட்டு அதைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்கும். அது சேர்ந்திசை இல்லாமல் வேறென்ன? சின்ன வயதில் சுடலைமாடன் கோயில் கொடையில் தூரத்தில் நின்று கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் போகக்கூடாது என்பார்கள், நாங்கள் கிறிஸ்தவக் கோயில் கொயர்ப் பிள்ளைகள் என்பதால். அந்தக் குடத்தின் அடி இரவு முழுவதும் வேலி தாண்டி வந்துகொண்டிருக்கும். அடுத்த நாள் காலையில் ஆராதனையில் ஆல்டோ பாடுகிறபோதும் உள்ளே அதுதான் ஓடும்.

அ.கா. பெருமாள் போன்ற ஆய்வாளர்கள் குமரி மாவட்டத்துக் கதைப்பாடல்களை ஏடு தேடி, ஆள் தேடிப் பதிப்பித்திருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் பட்ட கடன் பெரியது. ஆனால் அந்தப் புத்தகங்களைத் திறந்தால் சொல் இருக்கிறது, மெட்டு இல்லை. மெட்டை எழுதுவது அவர்கள் வேலை அல்ல; அது பாடுகிற நம் வேலை. நெய்யாற்றின்கரையிலும் பாறசாலையிலும் இன்னமும் வில் கட்டுகிற கலைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போங்கள். பணம் கொடுத்துப் பாடச் சொல்லிக் கேளுங்கள்; சும்மா கேட்காதீர்கள். பதிவு செய்யுங்கள். எழுதுங்கள். எழுதிய தாளின் தலையில், அவர் இசைந்தால், பாடியவர் பெயரும் ஊரும் இருக்க வேண்டும். அமைத்தவர் பெயர் அதற்குக் கீழேதான் வர வேண்டும். நீல்ஸ் ஆண்டர்சன் எழுதியெடுத்த மெட்டுகளில் வாசித்த பிடில்காரரின் பெயர் நிற்கிறது. நம் கலைஞருக்கும் அந்த இடம் வேண்டும். விற்கிற ஒவ்வொரு தாளிலும் அவருக்குப் பங்கும் வேண்டும்.

எழுதினால் பாட்டு உறைந்துவிடும் என்று சொல்கிறவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. வில்லுப்பாட்டுப் புலவர் ஒரே கதையை இரண்டு இரவில் இரண்டு விதமாகப் பாடுவார். தாள் அதில் ஓர் இரவைத்தான் பிடிக்கும். ஆனால் எங்கள் சேச்சியின் மூன்றாவது குரல் உறையவில்லை, அது போய்விட்டது. ஓர் இரவாவது கையில் இருந்தால், அதிலிருந்து அடுத்த இரவை யாராவது உண்டாக்கிக்கொள்வார்கள்.

எந்தக் குறியில் எழுதுவது என்று சண்டை வேண்டாம். ஸ்டாஃப் நொட்டேஷன் தெரிந்தவர்கள் அதில் எழுதட்டும். இசைக் கல்லூரிப் பிள்ளைகள் ஸரிகமவில் எழுதட்டும். என் வேண்டுகோள் டோனிக் சோல்ஃபாவையும் மறக்க வேண்டாம் என்பது. குமரியிலும் தெற்குத் திருவிதாங்கூரிலும் கோயில் கொயர்களில் இன்றும் ஆயிரக்கணக்கானவர்கள் அதைப் பார்த்துத்தான் பாடுகிறார்கள். கொத்தனார் வேலை முடிந்து வருகிறவரும், மரச்சீனி விற்றுவிட்டு வருகிறவரும், டோ ரே மீ பார்த்து டெனர் பாடுவதை நான் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அவர்கள் கைக்குப் போகாத தாள் பாதித் தாள்தான். மூன்று குறியிலும் போடுங்கள். மலையாள எழுத்திலும் தமிழ் எழுத்திலும் சொல்லைப் போடுங்கள். கமகம் எங்கே என்று ஒரு வளைகோடு போட்டால் போதும். வேண்டுமென்றால் தீட்சிதர் 1904-இல் போட்ட குறிகளையே எடுத்துக்கொள்ளலாம்.

நான் கையைக் கட்டிக்கொண்டு சொல்லவில்லை. தாயும் மனைவியும் கனவு சொல்லும் இடத்தை நான்கு குரலுக்கு எழுதியிருக்கிறேன். ஏழு பக்கம். மெட்டு ஒரு முதிய பின்பாட்டுக்காரர் பாடித் தந்தது. அதற்கு மூன்று மாலை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். சோப்ரானோவும் ஆல்டோவும் ஓரளவு சரியாக வந்திருக்கின்றன என்று நினைக்கிறேன். பேஸ் வரவில்லை. படை நடக்க வேண்டிய இடத்தில் தூங்குகிறது. நான் ஆல்டோக்காரி, ஆண்குரலின் அடிப்பகுதி எனக்குத் தெரியாது. உங்களில் பேஸ் பாடுகிற யாராவது பென்சிலோடு வந்து அதைத் திருத்த வேண்டும். முந்நூற்றுத் தொண்ணூறு ஆண்டாக அந்தத் தாய் அவனைப் போகாதே என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குக் கீழே கேட்கிற காலடிச் சத்தத்தை எழுதத் தெரிந்தவர் யார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

எங்கள் பயிற்சி சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. தாளின் நகல்கள் நாற்பது எடுத்துவைத்திருக்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் நடுவில் நிறைய இடம் விட்டிருக்கிறேன், நீங்கள் எழுதுவதற்கு.

அன்புடன்,
உங்களில் ஓர் ஆல்டோ
திருவனந்தபுரம்